கண்ணாடித் தகட்டில் உயர்ந்திருந்த கை

ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. ஒரு இடத்தில் இருக்க எனக்கு இன்னும் பழகவில்லை. வீடு பாரிசில், மார்க்ஸ் டோர்மோயில். காலையில் எழுந்து லா சப்பல் தமிழ்க் கடைகள் வரை நடப்பேன், மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்புவேன். நான்கு மாடி ஏறிய பிறகு கறிவேப்பிலை வாங்கவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி இறங்குவேன். "கறிவேப்பிலை வீட்டிலை கிடக்கு. உங்களுக்குத்தான் கால் ஒரு இடத்திலை நிக்குதில்லை" என்பாள் மனைவி ராணி. அவள் சொல்வது சரிதான், ஆனாலும் இறங்கிவிடுவேன்.

போன மாதம் அப்படி இறங்கிப் போகும்போது எலிசா தொலைபேசியில் கூப்பிட்டாள். எலிசா பாண்டிச்சேரிப் பெண். நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த படக் காப்பகத்தில், என் மேசையில் இப்போது அவள் இருக்கிறாள்.

"அங்கிள், இங்க கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு லொஜிசியேல் போட்டிருக்காங்க. பழைய படத்தக் காட்டினா அதுல இருக்கறவங்க பேரச் சொல்லிடுது. நீங்கள்லாம் அந்தக் காலத்துல எப்படிப் பேர் போட்டீங்கன்னு திரெக்சியோன்ல, மேலிடத்துல, கேக்கறாங்க. ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்."

"பிழையாவும் சொல்லுதோ?" என்று கேட்டேன்.

"சொல்லுது அங்கிள். ஆனா தயங்காம சொல்லுது."

அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு லா சப்பல் பாலத்தின் கீழே மூன்று தரம் மேலும் கீழும் நடந்தேன். இரண்டு பக்கம் எழுதலாம் என்று தொடங்கினேன். அது அடங்கவில்லை. நிர்வாகத்துக்குத் தேவையான பகுதியை எலிசா வெட்டி எடுத்துக்கொள்ளட்டும். நான் எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன்.

பாரிசுக்கு வந்த கதையை இங்கே நீட்டப் போவதில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள கதைதான். ஐந்து வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு சிநேகிதர் மூலமாக இந்தக் காப்பகத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. ஒருநாள் பெட்டி தூக்கும் ஆள் வரவில்லை. அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டிகளைக் கீழ்த்தளத்திலிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். நான் கொண்டுபோனேன், ஒன்றும் உடையவில்லை. கோப்பை கழுவிய கைக்குக் கண்ணாடியின் குணம் தெரியும். அடுத்த வாரமே தும்புத்தடியை வாங்கி வைத்துவிட்டு எனக்கு ஒரு வெள்ளை மேலங்கி தந்தார்கள்.

அந்தத் தகடுகளுக்குள் இருந்தது எல்லாம் பிரான்சும் இத்தாலியும், இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவை. மூடப்பட்டுப் போன ஒரு செய்திப்பட நிறுவனத்தின் சொத்து. உயரத் தொப்பி போட்ட மந்திரிமார், பூங்கொத்தோடு ரயிலால் இறங்கும் இத்தாலியப் பாடகிகள், மூக்கு உடைந்த குத்துச்சண்டைக்காரர், மலைப்பாதையில் சேறு பூசி வரும் சைக்கிள் வீரர்கள், வாள்வீச்சுக்காரர், சிலை திறக்கும் நகரபிதாக்கள். ரோமிலிருந்து ஒருவர் பாரிசுக்கு வந்தால் ஒரு படம், பாரிசிலிருந்து ஒருவர் மிலானுக்குப் போனால் இன்னொரு படம். எல்லோரும் அந்தக் காலத்தில் ஊர் அறிந்தவர்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது.

தெரியாதது மட்டுமா, ஒருவருக்கும் மற்றவருக்கும் வித்தியாசமும் பிடிபடவில்லை. உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்? முதல் இரண்டு வருடம் வெள்ளைக்காரர் முகம் எல்லாம் எனக்கு ஒன்றுதான். செனட் சபைத் தலைவர் ஒருவரையும் ஒரு குத்துச்சண்டை வீரரின் மனேச்சரையும் மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே மீசை, ஒரே தொப்பை, ஒரே சுருட்டு. பொறுப்பாளர் மதாம் வெர்னோ அந்த அட்டையைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "இவர் செனட்டில் இருந்தவர், மிஸ்யோ சிவா. அங்கேயும் ஆட்களை விழுத்தியிருக்கிறார். ஆனால் கையுறை போட்டதாகத் தெரியவில்லை" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் கண்டது மொத்தம் இரண்டு தரம்.

முகம் பிடிபடாததால் முகத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பார்க்கத் தொடங்கினேன். காது, மோதிரம், சப்பாத்து, கோட்டுப் பொத்தான். ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்துக்கு மேலே வரும். படத்தில் எதிர்மாறாக இருந்தால் தகட்டைப் பிரட்டிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சைக்கிளில் இன்னும் சுகம். சங்கிலி எப்போதும் ஓட்டுகிறவரின் வலப்பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே படத்தில் சங்கிலி தெரிந்தால், முன் சக்கரம், படத்தைப் பார்க்கிற எங்களுடைய வலப்பக்கத்தில் இருக்க வேண்டும். இடப்பக்கத்தில் இருந்தால் படம் பிரண்ட படம். இந்த விதியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிளோடு வளர்ந்தவனுக்குச் சங்கிலி எந்தப் பக்கம் என்று சொல்லித் தரவும் தேவையில்லை.

மதாம் வெர்னோவைப் பற்றிச் சொல்லாமல் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. மெலிந்த, நெடிய மனுசி. பேனா பிடித்து நான் கண்டதில்லை. தகடுகள் இருக்கும் அறைக்குள் மை வரக்கூடாது என்பது சட்டம், பென்சில்தான். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு அட்டை, அட்டையில் மூன்று பகுதி. முதல் பகுதியில் தகடு இருந்த உறையில் என்ன எழுதியிருந்ததோ அது, ஒரு எழுத்தும் பிசகாமல். இரண்டாவதில் கண்ணால் கண்டது மட்டும். மூன்றாவதில் ஆட்களின் பெயர், அதோடு அந்தப் பெயரை யார் சொன்னது என்ற விவரம். முதல் பகுதியில் உள்ளது இரண்டாம் பகுதிக்குள் கசியக்கூடாது. "உறை சொன்னதை உங்கள் கண் சொன்னதாக எழுதாதீர்கள்" என்பார். பெயர் போட்டால் உடனே கேட்பார்: "யார் சொன்னது?" இரண்டு சாட்சி இல்லாவிட்டால் 'தெரியாத ஆள்' என்று எழுதவேண்டும். எங்கள் அட்டைகளில் பாதி தெரியாத ஆட்கள்தான்.

பிழை விட்டால் திட்டமாட்டார். அந்த அட்டையை உங்கள் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். திட்டினால் ஐந்து நிமிடத்தோடு போகும். கவிழ்ந்த அட்டையைத் திருப்பி, பிழை எங்கே என்று நாங்களே தேடவேண்டும். சில நாள் மத்தியானம் முழுக்கத் தேடியிருக்கிறேன், சாப்பாடு இறங்காது.

இனி நான் சொல்ல வந்த விசயம்.

ஓய்வு பெறுவதற்குப் பல வருடங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா காப்பகத்துக்கு வந்தார். மழைக்கோட்டைக் கழற்றவில்லை, கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. பெயர் மதாம் ரினால்தி. பாரிசுக்குப் பக்கத்தில், பொபினியில் பிறந்து அங்கேயே வாழ்கிறவர். கலியாணத்துக்குப் பிறகும் தகப்பன் பெயரை விடாமல் வைத்திருந்தவர். கைப்பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். பொபினி நகரசபை நடத்திக்கொண்டிருந்த ஒரு கண்காட்சியின் புத்தகம் அது. அந்தக் காலத்து இத்தாலியத் தொழிலாளர் பற்றியது. படங்கள் எங்களிடமிருந்து போனவை.

"இந்தப் படத்தில் கை உயர்த்தி நிற்பவர் என் அப்பா. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்" என்றார்.

வாசித்தேன். 'இத்தாலியத் தூதரின் வருகையின்போது வெலோட்ரோமில் ஆதரவாளர்கள். ஒருவர் பாசிச வணக்கம் செலுத்துகிறார்.' வெலோட்ரோம் என்றால் சைக்கிள் ஓட்டப்போட்டி நடக்கும் வட்டமான பலகைத் தளம். படத்தில் ஒரு கம்பி வேலிக்குப் பின்னால் நான்கு ஆண்கள் நிற்கிறார்கள். தூரத்தில் தொப்பிகளும் ஒரு கொடியும். நான்கு பேரில் ஒருவர் வலது கையை நேரே உயர்த்தி உள்ளங்கையை முன்னால் காட்டுகிறார்.

அவருடைய தகப்பனின் கதையை அந்த அம்மா நின்றபடியே சொன்னார். பெயர் ஜுஸெப்பே. தச்சர். இத்தாலியில் பாசிசக் கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு வணங்காததற்காக ஊர் நடுவில் பிடித்து வைத்துப் போத்தல் போத்தலாக ஆமணக்கெண்ணெய் பருக்கினார்கள். எங்களுக்குச் சின்ன வயதில் பேதிக்குத் தந்த அதே எண்ணெய்தான், ஒரு கரண்டிக்கே என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் மலையால் நடந்து பிரான்சுக்கு வந்தார். பொபினியில் குடியேறி, வெலோட்ரோமின் பலகை பழுது பார்த்து, ஞாயிறுகளில் தன் ஊர்க்காரருக்காகப் பந்து உருட்டி விளையாட ஒரு சிறு மைதானம் அமைத்தார். போரின்போது இறந்தார். அந்த அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. இப்போது அந்த மைதானத்துக்கு அவருடைய பெயரை வைக்க நகரசபையில் ஒரு குழு போட்டிருந்தார்கள்.

"கண்காட்சி திறந்த அன்றைக்குக் குழுவில் உள்ள எல்லோரும் வந்தார்கள். சுவரில் அப்பாவை ஆளுயரத்துக்குப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இளந்தாரியாக அவரை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை. என்னிடம் இருப்பது ஒரேயொரு அடையாள அட்டைப் படம், நாற்பது வயதில் எடுத்தது. நான் சத்தம் போட்டுவிட்டேன், மிஸ்யோ. 'அது என் அப்பா, அது என் அப்பா' என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகுதான் குழுத் தலைவர் கீழே இருந்ததை வாசித்தார், சத்தமாக."

வியாழக்கிழமை குழு கூடுகிறதாம். பெயர் வைக்கிற விசயத்தை நிறுத்துவதா விடுவதா என்று முடிவெடுக்கப் போகிறார்களாம்.

"மதாம், வயதான கண், ஆள் மாறிப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்களேன். அட்டையில் பெயர் இல்லை. உங்களைத் தவிர வேறு யாருக்கும் அவரைத் தெரியாது" என்றேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "என் அப்பாவை நான் என் அப்பா இல்லை என்று சொல்லவேண்டுமா?" என்றார். நான் அட்டையை எடுத்து வருகிறேன் என்று எழும்பி உள்ளே ஓடிவிட்டேன்.

அலமாரி இழுப்பை இழுத்து அட்டையை எடுத்தேன். என் கையெழுத்து.

முதல் பகுதியில்: 'வெலோட்ரோம், இத்தாலியத் தூதரின் வருகை.' இரண்டாம் பகுதியில், கண்ணால் கண்டது மட்டும் இருக்கவேண்டிய இடத்தில்: 'ஆதரவாளர்கள். ஒருவர் பாசிச வணக்கம் செலுத்துகிறார்.' மூன்றாம் பகுதி வெறுமை. நான் வேலைக்கு வந்த புதிதில், மதாம் வெர்னோ சத்திரசிகிச்சைக்காக இரண்டு மாதம் லீவில் நின்றபோது, பெட்டி பெட்டியாகப் பிரதி எடுத்துத் தள்ளினேன். கெட்டிக்காரன் என்று பெயர் எடுக்கவேண்டுமே! உறையில் தூதர் என்று கண்டேன், படத்தில் உயர்ந்த கை ஒன்றைக் கண்டேன், மிச்சத்தை நானே கட்டிவிட்டேன்.

அந்த அட்டையை மூன்று தரம் வாசித்தேன். ஏன் என்று எழுதவேண்டும், எழுதாவிட்டால் இது விளங்காது. இருபது வயதில் எங்கள் ஊரை ஒருநாள் இராணுவத்தினர் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்பில் ஒருவன் இருந்தான், தலையைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்கவேண்டும். தலையை ஆட்டினால் லொறிக்கு, ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. எனக்கு அவன் ஆட்டவில்லை. எனக்குப் பின்னால் வந்த தவராசாவுக்கு ஆட்டினான். தவராசா என்னோடு படித்தவன், கணக்கில் புலி, ஒரு வம்புக்கும் போகாதவன். அவன் திரும்பி வரவே இல்லை. அந்தச் சாக்குக்குள் இருந்தவன் தவராசாவை உண்மையாகவே எங்காவது கண்டவனா, இல்லை நெடுநேரம் ஆட்டாமல் இருந்தால் தனக்கு அடி விழும் என்று ஆட்டினானா என்று எத்தனையோ வருடம் யோசித்திருக்கிறேன். அவனைக் கண்டால் என்ன செய்வேன் என்றும் யோசித்திருக்கிறேன். இப்போது கையில் அட்டையோடு நின்றேன். ஜுஸெப்பே ரினால்தி என் முன்னால் வந்து நின்றார், நான் தலையை ஆட்டினேன். என் தலையில் சாக்குக்கூட இருக்கவில்லை.

அம்மாவிடம் திரும்பிப் போய், எழுதியது நான்தான் என்று சொன்னேன். "வேறு சாட்சி இருக்கிறதா என்று பார்க்கிறேன், இரண்டு நாள் தாருங்கள்" என்றேன். அவர் புத்தகத்தைப் பையில் வைத்தார். போகும்போது மட்டும் திரும்பி, "ஒன்று எனக்கு விளங்கவில்லை. அவர் தலைவகிடு இடப்பக்கம் எடுப்பவர். இதில் வலப்பக்கம் இருக்கிறது" என்றார்.

வகிடு மாறியிருக்கிறது என்றால் படம் பிரண்டிருக்கலாம். காப்பகத்தில் இருந்தது நான் எடுத்த பிரதி மட்டுமே. அதில் ஆட்கள் போட்டிருந்தது கழுத்தால் போடும் கம்பளிச் சட்டை, பொத்தான் இல்லை. எழுத்து உள்ள பலகை எதுவும் இல்லை. மூலத் தகடு நகருக்கு வெளியே பொண்டியில் இருந்த எங்கள் களஞ்சியத்தில். மதாம் வெர்னோவிடம் போய் அட்டையை நானே மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவர் திருப்பி வாசித்தார், நேரத்தைப் பார்த்தார். "பொண்டிக்கு நானும் வருகிறேன்" என்றார்.

களஞ்சியத்தில் ஒரு கதிரை இருந்தது. அதில் மதாம் இருந்தார். நான் பெட்டியைத் தேடினேன், ஒன்றரை மணித்தியாலம். கண்டுபிடித்துத் தகட்டை உறையிலிருந்து எடுத்தேன். தகட்டின் ஒரு பக்கம் பளபளக்கும், மற்றப் பக்கம் மருந்து பூசியதால் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கம் எங்களுக்கு மறுபுறமாக இருக்கும்படி பிடித்தால்தான் படம் உள்ளபடி தெரியும். அப்படிப் பிடித்து விளக்குப் பெட்டியில் வைத்தேன். உயர்ந்திருந்தது இடது கை.

"ஒரு சாட்சி" என்றார் மதாம் வெர்னோ.

தகட்டின் ஓரத்தில் மருந்து உரிந்திருந்தது. அழகாக இல்லை என்று அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் அந்தக் காலத்தில் பிரதி எடுத்திருக்கிறேன். அந்த ஓரத்தில், வேலியில் சாத்திய ஒரு சைக்கிள். சங்கிலி தெரிந்தது. முன் சக்கரம் எங்களுடைய வலப்பக்கத்தில் இருந்தது.

"இரண்டு" என்றார்.

நான் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தேன். பாசிச வணக்கம் இடது கையால் செய்வதில்லை. அப்படியென்றால் அந்த மனிதர் என்ன செய்கிறார்? யாரையோ நிற்கச் சொல்கிறாரா? உரிந்த இடத்தில் நீளமாக ஏதோ ஒன்று கிடந்தது. பலகையாக இருந்தால், பலகை தூக்கி வருகிறவர்களைத் தச்சர் மறிக்கிறார் என்று சொல்லிவிடலாம். நிழலாக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்தேன். பலகை என்று மனம் சொன்னது. கண் சொல்லவில்லை.

"பலகை போலத்தான் இருக்கிறது, மதாம். எழுதலாமா?"

"யார் சொன்னது?"

"அந்த அம்மாவுக்கு வியாழக்கிழமை கூட்டம்!" எனக்குக் கோபம் வந்துவிட்டது, குரல் உயர்ந்துவிட்டது. "நான் எழுதிய ஒரு பொய் அவருடைய தகப்பனைப் பிடித்துக்கொடுத்திருக்கிறது. இன்னொரு சொல் எழுதினால் அவர் தப்புவார்!"

மதாம் வெர்னோ தகட்டை உறைக்குள் மெதுவாக வைத்தார். "முதல் சொல்லையும் நீங்கள் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள்" என்றார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பிழை திருத்தம் ஒன்றைக் காப்பகத்தின் பெயரில் தபாலில் அனுப்புவதுதான் வழக்கம். எழுதியது யார் என்று அதில் இருக்காது. நான் நேரில் போகிறேன் என்றேன். மதாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் பொபினி நகரசபையில், ஒரு நீண்ட மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ஒன்பது பேர் இருந்தார்கள். மதாம் ரினால்தி சுவரோரமாக ஒரு கதிரையில், மழைக்கோட்டோடு. ஒரு வரிசை ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க நடுவில் நிற்பது எனக்கு ஒத்துவராது.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். படம் பிரண்டது என் பிழை. உயர்ந்திருப்பது இடது கை. 'வணக்கம்' என்ற சொல் உறையில் இல்லை, தகட்டில் இல்லை, அது நான் சேர்த்தது. நான் அதைக் காணவில்லை.

குழுத் தலைவர் கெட்ட மனிதர் அல்ல. அவருடைய தாத்தாவும் அந்த எண்ணெயைக் குடித்தவராம். அதனால்தான் அவருக்கு இது சும்மா ஒரு பெயர்ப்பலகை விசயமாக இருக்கவில்லை. "வலது கை மற்ற ஆளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதில் ஏதாவது பிடித்திருந்தால் இடது கையைத் தூக்கியிருக்கலாம் அல்லவா?" என்று கேட்டார்.

"தூக்கியிருக்கலாம்."

"அவர் வணக்கம் செலுத்தவில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா, மிஸ்யோ? ஓம் அல்லது இல்லை."

மதாம் ரினால்தி என்னைப் பார்த்தார். ஒரு தலையாட்டல் போதும். அந்த ஒரு அசைவால் ஒருவரைக் கொண்டுபோகவும் முடியும் என்று நான் கண்டவன், கொண்டுவந்து விடவும் முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. கழுத்து தானாக அசையப் பார்த்தது. கஷ்டப்பட்டு நிறுத்தினேன்.

"என்னால் சொல்ல முடியாது. செலுத்தினார் என்று சொல்லவும் என்னால் முடிந்திருக்கக்கூடாது. அதுதான் என் பிழை" என்றேன்.

கூட்டத்தைக் கோடை விடுமுறைக்குப் பிறகு தள்ளிப் போட்டார்கள். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு இழுத்தடிக்கப் பொறுமை இல்லை: விடுமுறை கழிந்து மறுபடி கூடி, இரண்டு பேர் மறுத்திருக்க, மைதானத்துக்கு ஜுஸெப்பேயின் பெயரை வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயர்ப்பலகை எனக்குப் பெரிதாக நினைவில் இல்லை. நினைவில் இருப்பது கூட்டத்துக்கு அடுத்த கிழமை, ஒன்றும் முடிவாகாமல் இருந்தபோது நடந்தது.

மதாம் ரினால்தி மறுபடி காப்பகத்துக்கு வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். சரியான பக்கமாக எடுத்த புதுப் பிரதியை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை மேசையில் வைத்தபடியே பார்த்தார், வகிட்டின் மேல் விரலை வைத்தார். நெடுநேரம் விரல் அங்கேயே இருந்தது. நான் எழும்பித் தண்ணீர் எடுத்துவந்தேன், பிறகு ஜன்னலை மூடினேன், பிறகு திறந்தேன். மதாம் வெர்னோ தன் அறையிலிருந்து வந்து எங்களோடு இருந்தார்.

புது அட்டையை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். உறையில் இருந்தது. பிறகு கண்டது: 'வேலிக்குப் பின்னால் நான்கு ஆண்கள். ஒருவர் இடது கையை உயர்த்தியிருக்கிறார். வலப்பக்க ஓரத்தில் சைக்கிள்.' மூன்றாம் பகுதி: 'தெரியாத ஆட்கள்.'

"அப்பாவின் பெயரை எழுதவேண்டும்" என்றார் மதாம் ரினால்தி.

நான் மதாம் வெர்னோவைப் பார்த்தேன். சாட்சிகளுக்குக் குறைவில்லை. வகிடு எந்தப் பக்கம் என்று தகட்டைக் காணாமலே சொன்னவர் அந்த அம்மா. அடையாள அட்டைப் படத்தையும் கொண்டுவந்திருந்தார், காது இரண்டிலும் ஒன்றாகத்தான் இருந்தது. மதாம் வெர்னோ மறுக்கவில்லை. ஆனால் கதிரையை அந்த அம்மாவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். அவர் யாரோடும் அவ்வளவு கிட்ட இருந்து பேசி நான் கண்டதில்லை.

"பெயர் ஏறினால் இறங்காது, மதாம். அன்றைக்கு அங்கே படம் எடுத்தவர்கள் வேறும் இருந்திருப்பார்கள். நாளைக்கு இன்னொரு தகடு கிடைக்கலாம். அதில் அவர் வலது கையை உயர்த்தி நின்றால், அப்போதும் இந்த அட்டையில் அவர் பெயர் இருக்கும், அதை வைத்து அவரைக் கண்டுபிடிப்பார்கள். இப்படியே விட்டால் அவர் ஒரு தெரியாத ஆள். உங்கள் குழுவுக்கும் அது சுலபம். யோசித்துச் சொல்லுங்கள்."

மதாம் ரினால்தி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், முகத்தில் தெரிந்தது. தகப்பன் தன் மடியில் இருத்தி இந்தக் கதையை எல்லாம் சொன்னவர் அல்ல. ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? தாய் சொன்னது, அயலவர் சொன்னது, அவ்வளவுதான். அந்த அம்மாவிடமும் ஒரு உறைதான் இருந்தது, தகடு இருக்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில், 'வேண்டாம் அம்மா, விட்டுவிடுங்கள்' என்று தமிழில் சொல்லவேண்டும் போல இருந்தது.

"எழுதுங்கள்" என்றார்.

பென்சிலை எடுத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். கந்தோர்களில் வாழ்நாள் முழுக்கப் பெயரைப் பிழையாக எழுதக் கண்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் என் பெயரைச் சொல்வேன். ஜுஸெப்பே ரினால்தி. 'யார் சொன்னது' என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினேன். அட்டையைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக் குனிந்து பார்த்தார்.

"சின்னதாக எழுதியிருக்கிறீர்கள், மிஸ்யோ."

"எங்கள் வழக்கம் அதுதான், மதாம்."

"எனக்குப் பயமில்லை. பெரிதாக எழுதுங்கள்" என்றார். "நாளைக்கு எந்தத் தகடு வந்தாலும் அவர் என் அப்பாதான்."

நான் மதாம் வெர்னோவைப் பார்த்தேன். அவர் அழிறப்பரை என் பக்கம் தள்ளினார். அழித்துவிட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, அந்தப் பெயரை மறுபடி எழுதினேன்.